வேலையை விடாமல் சீரியஸ் கேம் வடிவமைப்பு படிக்க: விண்ணப்பம் முதல் சான்றிதழ் வரை

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள் மருந்தை விடாமல் எடுத்துக்கொள்ள உதவும் விளையாட்டு, புதிய செவிலியருக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி தரும் விளையாட்டு, வெள்ள நேரத்தில் என்ன செய்வது என்று பழக்கும் விளையாட்டு. இவற்றை எல்லாம் சேர்த்து சீரியஸ் கேம் என்கிறார்கள். இந்தத் துறையை வேலையில் இருந்தபடியே ஆன்லைனில், முதுநிலை அளவில் படிக்க முடியும். ஆனால் உள்ளே நுழையும் வழியை ஒருவரும் ஒரே இடத்தில் சொல்லிவைக்கவில்லை. கொஞ்சம் விவரம் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது, கொஞ்சம் வங்கியிடம். மீதியை நாமே அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சீரியஸ் கேம் முதுநிலைச் சான்றிதழை வைத்துக்கொள்கிறேன். முழுக்க ஆன்லைன் படிப்பு. மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 3 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), மொத்தம் 9. வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள்?

பணம் கட்டுமுன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். விடை தெரியாமல் சேர்ந்தவர்கள் பலர் பாதியில் விலகுவதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கா போகத்தான் படிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கான வழி அல்ல. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு ஐ-20 படிவம் தர மாட்டார்கள். அது இல்லாமல் எஃப்-1 மாணவர் விசா கிடையாது. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி-யும் கிடையாது. இதற்கு மாறாக எந்த முகவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் கணவரின் அல்லது மனைவியின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் ஏற்கெனவே அமெரிக்காவில் இருப்பவர்கள், விசாவை மாற்றாமலே படிக்கலாம். அங்கே வீட்டில் இருக்கும் நம் பெண்கள் பலருக்கு இது நல்ல வாய்ப்பு.

இங்கே அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகவேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு எழுதவேண்டும் என்றாலும் இதை நம்பி இறங்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் இணைத்தன்மைச் சான்று கேட்கும்போது, நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்தோமா என்றுதான் பார்ப்பார்கள். ஆன்லைன் பட்டம் அங்கே நின்றுவிடும்.

பின் யாருக்கு இது பயன்படும்? ஏற்கெனவே கேம் நிறுவனத்தில், கல்வி மென்பொருளில், மருத்துவமனைப் பயிற்சிப் பிரிவில், தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு. ஆசிரியர்களுக்கு. "இந்த விளையாட்டு உண்மையில் எதையாவது மாற்றியதா?" என்று கேட்டு, அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு. என் அனுபவத்தில் இந்தப் படிப்பின் முழுப் பலனும் அந்த ஒரு திறமையில்தான் இருக்கிறது.

2. பட்டமா, சான்றிதழா, ஒரே ஒரு பாடமா?

முதுகலைப் பட்டம் என்றால் பெரும்பாலும் 30 கிரெடிட் அல்லது அதற்கு மேல். சான்றிதழ் 9 முதல் 15. சான்றிதழில் தொடங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. அதில் எடுத்த கிரெடிட்டைப் பிறகு முதுகலைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பல இடங்களில் வழி உண்டு. எத்தனை கிரெடிட் வரை, எத்தனை ஆண்டுக்குள் என்று சேருமுன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஃபோனில் சொன்னது பிறகு செல்லாது.

இன்னும் தயக்கம் இருந்தால், பட்டம் சாராத மாணவராக ஒரு பாடம் மட்டும் எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். விண்ணப்ப வேலை பாதியாகக் குறையும்.

பல்கலைக்கழகம் முறையான அங்கீகாரம் பெற்றதா என்பதை அமெரிக்கக் கல்வித்துறை இணையத்தில் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆன்லைன் கல்வி விற்கும் இந்திய எட்டெக் நிறுவனம் ஒன்று இடையில் நின்று "வெளிநாட்டுப் பட்டம்" விற்றால் கூடுதல் கவனம் வேண்டும். இத்தகைய கூட்டுப் படிப்புகளைப் பற்றி யுஜிசி 2023 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விடுத்தது.

3. முதலில் உங்கள் பெயர்

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதிப்பெண் பட்டியலில் "கார்த்திகா ச". பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திகா, குடும்பப் பெயர் சண்முகம். ஆதாரில் "ச கார்த்திகா". பான் அட்டையில் "கார்த்திகா சண்முகம்". நமக்கு இவை நான்கும் ஒருவர்தான். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணினி இவரை நான்கு பேராகப் பார்க்கும். டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி மதிப்பெண்களின் அதிகாரபூர்வத் தொகுப்பு) போய்ச் சேர்ந்திருக்கும், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் போய்ச் சேர்ந்திருக்கும், இரண்டும் உங்கள் விண்ணப்பத்தோடு இணையாமல் தனித்தனியே கிடக்கும். நீங்களோ "ஆவணம் வரவில்லை" என்ற மின்னஞ்சலைப் பார்த்து மறுபடி பணம் கட்டி அனுப்புவீர்கள்.

செய்யவேண்டியது: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும், டோஃபெல் அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பதிவிலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்று சேர்க்கை அலுவலகத்திடம் கேட்டு, அவர்கள் சொல்வதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்ததும் கிடைக்கும் மாணவர் எண்ணை எந்த ஆவணம் அனுப்பினாலும் அதன்மேல் எழுதுங்கள்.

4. டிரான்ஸ்கிரிப்ட்

அதிக நாள் பிடிப்பது இதுதான். ஆகவே மற்ற எதற்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட மதிப்பெண் பட்டியலை டிரான்ஸ்கிரிப்ட் என்று ஏற்க மாட்டார்கள். நீங்கள் படித்தது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால், பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்தான் தரவேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மதிப்பெண்ணுக்குப் பொறுப்பு, பட்டச் சான்றிதழ் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். இந்த வேறுபாடு தெரியாததால் இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே நடப்பவர்கள் நிறையப் பேர்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களின் நகல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழின் நகல், அடையாள அட்டை, கட்டணம் கட்டிய ரசீது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் பட்டச் சான்றிதழ் வாங்காதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். தற்காலிகச் சான்றிதழைச் சேர்க்கைக்கு ஏற்றாலும், பிறகு அசலைக் கேட்பார்கள்.

கேட்கும்போது ஒரு உறை மட்டும் கேட்காதீர்கள். நான்கைந்து உறைகளாக, ஒவ்வொன்றும் ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை குத்தியதாக வாங்கிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு உறைக்காக மறுபடி விடுப்பு எடுத்துப் போவதைவிட இது மலிவு. ஆர்வத்தில் வீட்டில் யாராவது உறையைப் பிரித்துவிட்டால் அது செல்லாது, முன்பே சொல்லிவையுங்கள்.

பிஎஸ்சி, பிகாம், பிஏ என மூன்றாண்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு இணையாக அதைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. அதற்கு மேல் முதுகலை முடித்திருந்தால் பொதுவாகத் தடை வராது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டுச் சொல்லும் டபிள்யூஇஎஸ் போன்ற அமைப்பின் அறிக்கையை அவர்களாகக் கேட்டால் மட்டும் எடுங்கள். கேட்காத இடத்துக்கு அது வீண் செலவு.

5. ஆங்கிலத் தேர்வும் பரிந்துரைக் கடிதமும்

டோஃபெல், ஐஇஎல்டிஎஸ் இரண்டின் மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டு மட்டுமே செல்லும். கட்டணமும் குறைவல்ல. இளநிலைப் பட்டத்தை ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன. பயிற்று மொழிச் சான்றிதழை டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும் அதே நாளில் கேட்டு வாங்கிவிட்டு, விலக்கு உண்டா என்று எழுதிக் கேளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து டோஃபெல் மதிப்பெண் 1 முதல் 6 வரையான அளவுக்கு மாறியிருக்கிறது. பழைய 120 அளவில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைச் சொல்லும் பக்கங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆள் பிடிப்பது கடினமல்ல. அவர்களின் மின்னஞ்சல்தான் தொல்லை. நம் பேராசிரியர்கள் பலர் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள். கல்லூரி முகவரியிலிருந்து வராத கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கல்லூரியில் அலுவல் முகவரி இருக்கிறதா என்று ஐயாவிடமோ அம்மாவிடமோ முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை செய்த மேலாளர் ஒருவர், பாடம் எடுத்தவர் ஒருவர் என்று கலந்து கொடுப்பது இந்தத் துறைக்கு நல்லது. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

6. நோக்க அறிக்கையும் ஒரு சின்ன விளையாட்டும்

"சின்ன வயதிலிருந்தே கேம் என்றால் உயிர்" என்று தொடங்கும் அறிக்கைகள் தேர்வுக் குழுவுக்குக் குவியும். உங்கள் அறிக்கை மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்: யார் விளையாடப் போகிறார்? விளையாடிய பின் அவரிடம் எது மாறவேண்டும்? மாறியதா என்று எப்படி அறிவீர்கள்?

ஒரு மாதிரி சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். "மாத்திரையை நிறுத்திட்டேம்மா, இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் பெரியவரிடம் எப்படிப் பேசுவது? அந்த உரையாடலைப் பழக்கும் விளையாட்டு என்று எழுதினால், விளையாடுபவர் யார், எது மாறவேண்டும், எதை அளக்கவேண்டும் எல்லாமே ஒரு பத்தியில் தெளிவாகிவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து இப்படி ஒன்றை எடுங்கள்.

கூடவே விளையாடிப் பார்க்கும்படி ஏதாவது ஒன்றை இணையுங்கள். நிரல் தெரியாதவர்கள் ட்வைன் என்ற இலவசக் கருவியில் கிளைபிரியும் கதையாகவே செய்யலாம். கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். சின்ன விளையாட்டுகளை யாரும் வெளியிடக்கூடிய இட்ச் (itch.io) தளத்தில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். மூன்று நிமிடத்தில் விளையாடி முடிக்கும்படி இருந்தால் போதும். அட்டையும் பகடையும் வைத்துச் செய்து, சிலர் விளையாடுவதைப் படமெடுத்து அனுப்பினாலும் மதிப்பார்கள். யூனிட்டி என்ற கேம் மென்பொருள், சி ஷார்ப் என்ற நிரல்மொழி எல்லாம் கற்று முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று ஆண்டைக் கடத்த வேண்டாம். பல படிப்புகளில் நிரல் எழுதும் பாடமே இருக்காது.

7. பணம்

கட்டணத்தைக் கிரெடிட் கணக்கில் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் இடங்கள் ஏராளம். கணக்குக்காக ஆயிரம் என்றே வைத்தால், 9 கிரெடிட்டுக்கு 9,000 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் 8.10 லட்சம். 93 என்றால் 8.37 லட்சம். நாணய மதிப்பு சற்று நகர்ந்தாலே 27,000 ரூபாய் கூடிவிடுகிறது, அதற்கும் சேர்த்து ஒதுக்கிவையுங்கள். மாநிலத்துக்குள் வசிப்பவர், வெளியே வசிப்பவர், ஆன்லைன் மாணவர் என்று மூன்று விதக் கட்டணம் இருக்கலாம். எது உங்களுக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதோடு விண்ணப்பக் கட்டணம், ஒவ்வொரு பருவமும் வரும் சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் தனி.

பணம் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை இவை.

நோக்கக் குறியீடு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம் நிரப்பும்போது, எதற்காக அனுப்புகிறோம் என்பதை ஒரு குறியீட்டால் காட்டவேண்டும்; கல்வி என்றதும் பழக்கத்தில் எஸ் 0305 என்று போடுவார்கள். அது படிப்புக்காக வெளிநாடு செல்பவர்களுக்கானது, விசா நகல் கேட்பார்கள். உங்களிடம் விசா இருக்காது. இங்கிருந்தே படிப்பவர்கள் வெளிநாட்டுக்குக் கட்டும் கட்டணத்துக்கு எஸ் 1107 என்று தனிக் குறியீடு இருக்கிறது. கிளை ஊழியருக்கு இது தெரியாமல் இருக்கலாம். "ரிசர்வ் வங்கியின் பட்டியலில் பாருங்கள் சார்" என்று பொறுமையாகக் காட்டுங்கள். பான் அட்டை, சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி). 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் இது பிடிப்பார்கள். மொத்தம் என்பது உங்கள் பான் எண்ணில் எல்லா வங்கி வழியாகவும் போன தொகை. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து கட்டினால் டிசிஎஸ் இல்லை. பிடித்தாலும் அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவு வைத்துக்கொள்ளலாம்.

இடைவங்கிக் கட்டணம். இதில் மாட்டாதவர்கள் குறைவு. பணம் போகும் வழியில் உள்ள வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். பல்கலைக்கழகக் கணக்கில் சில டாலர் குறைவாக விழும். அந்தச் சில டாலருக்காக உங்கள் பதிவை நிறுத்திவைப்பார்கள், அடுத்த பருவத்துக்குப் பாடம் எடுக்க முடியாது. எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைப் படிவத்தில் தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழகம் ஃப்ளைவயர் போன்ற பணம் செலுத்தும் சேவையைப் பரிந்துரைத்தால் அதில் ரூபாயிலேயே கட்டும் வழி இருக்கிறதா என்று பார்த்து, வங்கியின் விலையோடு ஒப்பிடுங்கள். கிரெடிட் கார்டு கடைசி வழி. நாணய மாற்றுக் கூடுதலும் பல்கலைக்கழகத்தின் கார்டு கட்டணமும் சேர்ந்து கணிசமாகக் கடித்துவிடும்.

8. கால அட்டவணை

இலையுதிர்ப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், அடுத்தது ஜனவரியில். ஆகஸ்டில் சேர நினைப்பவர் முந்தைய செப்டம்பரிலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்து, நவம்பருக்குள் ஆங்கிலத் தேர்வை முடித்துவிட்டால் நிம்மதி. பல இடங்களில் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே கெடு விழும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்குக் குறைந்தது 9 மணி நேரம், ஏறக்குறைய 15 வாரம். வேலையில் இருப்பவர் ஒரு பருவத்தில் ஒரு பாடம் மட்டும் எடுக்கலாம் என்பேன். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் நிச்சயமாக ஒன்றுதான்.

கெடு நேரத்தைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள். மிச்சிகனில் இரவு 11:59 என்றால் நமக்குக் கோடையில் மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் குழுச் சந்திப்புகள் தவறிப்போகும். உடன் படிப்பவர்கள் மாலை 7 மணிக்குப் பேசலாம் என்றால் நமக்கு அது விடியற்காலை. முதல் வாரமே குழுவிடம் இதைச் சொல்லி, இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தை முடிவு செய்யுங்கள். நான் பார்த்தவரை, தயங்காமல் கேட்டால் மாற்றிக்கொள்கிறார்கள்.

9. பாடம் தொடங்கிய பிறகு

மிச்சிகன் படிப்பின் மூன்று பாடங்களும் மூன்று திசையில் போகும். சீரியஸ் கேமின் அடிப்படைகள் ஒன்று, விளையாட்டும் ஊடாட்டமும் பற்றிய கோட்பாடுகள் ஒன்று, பயனரைப் புரிந்துகொள்வது ஒன்று. வாசிப்பும் எழுத்தும் நிறைய. கேம் செய்யத்தானே வந்தோம் என்று பலர் முதல் மாதத்தில் சோர்ந்துபோவார்கள். தாக்குப்பிடியுங்கள்.

பயனர் பாடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. வினாடிவினாவுக்கு மதிப்பெண்ணும் பதக்கமும் சேர்த்துவிட்டால் அது சீரியஸ் கேம் ஆகிவிடாது. விளையாடும் செயலே கற்றலாக இருக்கவேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஃபோல்டிட்டைப் பாருங்கள். புரதத்தை மடிப்பதுதான் ஆட்டம், அதுவேதான் அறிவியலும். ஹோப்லேப் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ரீ-மிஷன் இன்னொன்று. புற்றுநோய் உள்ள இளையோருக்கான அந்த விளையாட்டை 34 மருத்துவ மையங்களில் 375 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ரீ-மிஷன், மறு பிரிவினருக்குச் சாதாரண வீடியோ கேம். ரீ-மிஷன் விளையாடியவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள் என்று 2008இல் முடிவு வெளியானது. விளையாட்டுக்கு முன் என்ன நிலை, பின் என்ன நிலை, ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா என்று கேட்கும் பழக்கம் உங்கள் சின்னப் பயிற்சித் திட்டத்திலும் வரவேண்டும்.

சோதனைக்கு ஆள் வேண்டும். நண்பர்களை மட்டும் விளையாடவிட்டால் "சூப்பர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களிடமே போங்கள். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாடச் சொல்லி, நீங்கள் குறுக்கே பேசாமல் குறிப்பெடுங்கள். தலைமுறை தலைமுறையாக நமக்கு வந்த மரியாதைப் பழக்கத்தில், பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். எங்கே கை நின்றது, எதை இரண்டு முறை படித்தார் என்பதைக் கவனியுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் சோதிப்பதாக இருந்தால் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரும் குழந்தைதான். முடிவுகளை ஆய்வாக வெளியிட எண்ணம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது, சேகரித்த தரவு முழுவதும் வீணாகும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் உங்கள் ஆசிரியருக்குக் கொடுங்கள்.

பாடம் பிடிக்காமல் போனால், எந்தத் தேதிக்குள் விலகினால் பணம் திரும்பும் என்பது கல்வி நாட்காட்டியில் இருக்கும். முதல் நாளே அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. முடிக்கும் பருவத்தில்

சான்றிதழ் தானாக வராது. கடைசிப் பாடம் எடுக்கும் பருவத்திலேயே அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டிய இடங்கள் உண்டு. அச்சிடும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியா என்று அப்போது சரிபாருங்கள். கணக்கில் ஒரு டாலர் பாக்கி இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்ட் கிடைப்பது சிக்கலாகலாம், நிலுவையைப் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

பாடத்தளத்துக்குள் நுழையும் அனுமதி படிப்பு முடிந்த சில காலத்தில் மூடப்படும். உங்கள் கட்டுரைகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள், பாடத்திட்ட விவரம் எல்லாவற்றையும் அதற்கு முன் பிடிஎஃப் ஆக இறக்கிவையுங்கள். பிறகு முதுகலையில் கிரெடிட் சேர்க்கப் போகும்போது முதலில் கேட்பது அந்தப் பாடத்திட்ட விவரத்தைத்தான்.